நோயாளிக்கு யார் சொல்வது?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவன் என்பன அவை. பள்ளியில் இதை மனப்பாடம் செய்து ஒப்பித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்த நான்கில் நோயுற்றவனையே புலவர் முதலில் நிறுத்தினார் என்பதை எவரும் நமக்குச் சுட்டிக் காட்டியதாக நினைவில்லை. யாப்புக்காக அப்படி அமைந்தது என்று தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் சொல்லக்கூடும். நான் விலங்கியல் படிப்பவள். எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. இன்றைய மருத்துவமனையில் நோயுற்றவன் எத்தனையாவது இடத்தில் நிற்கிறான் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மருத்துவத்தில் அறம் குன்றிவிட்டது என்று பேசத் தொடங்கினால் உடனே கையூட்டு, காலாவதியான மருந்து, தேவையில்லாத அறுவை சிகிச்சை, பணிநேரத்தில் சொந்தக் கிளினிக்குக்குப் போகும் மருத்துவர் ஆகியவையே நம் நாவில் வருகின்றன. பட்டிமன்ற மேடைகளில் இவை நன்றாகக் கைதட்டல் வாங்கும். நான் சொல்ல வருவது சத்தமில்லாத ஒரு குற்றம். நோயாளிக்குத் தெரிய வேண்டியதை அவரிடம் சொல்லாமல் விடுவது! இதற்குப் பணம் கைமாற வேண்டியதில்லை. கெட்ட எண்ணமும் வேண்டியதில்லை. ஒரு பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தால் போதும், குற்றம் நடந்து முடிந்துவிடும்.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூரில் நடந்ததை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். அப்போது நானும் என் வகுப்புத் தோழியரும் பள்ளிச் சிறுமிகள். வீட்டில் பெரியவர்கள் செய்தியைப் பார்த்து உச்சுக்கொட்டியது மட்டும் நினைவிருக்கிறது. கல்லூரிக்கு வந்த பின்புதான் அந்நிகழ்ச்சியை முழுமையாகப் படித்தறிந்தேன்.

ஓர் இளைஞர் 2016-ஆம் ஆண்டு இரத்ததான முகாம் ஒன்றில் இரத்தம் கொடுத்தார். சோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. ஆனால் அவருக்குச் சொல்லப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் சென்றன. 2018 நவம்பர் 30 அன்று, கருவுற்றிருந்த தம் உறவுப் பெண் ஒருவருக்காக அவர் சிவகாசி அரசு மருத்துவமனையில் மீண்டும் இரத்தம் கொடுத்தார். இந்த முறை சோதனையிலும் கோட்டை விட்டார்கள். குறையில்லாதது என்று சீட்டு ஒட்டப்பட்டு அந்த இரத்தம் இருப்பில் சேர்ந்தது. டிசம்பர் 3 அன்று சாத்தூர் அரசு மருத்துவமனையில், இரத்தசோகைக்குச் சிகிச்சை பெற வந்த வேறொரு கர்ப்பிணிப் பெண்ணின் உடலில் அது ஏற்றப்பட்டது.

அதன் பின்புதான், வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காக அந்த இளைஞர் மருத்துவச் சோதனை செய்துகொண்டார். அங்கேதான் உண்மை தெரிந்தது. தெரிந்தவுடன் அவர் செய்த காரியம் என்ன? தாம் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தாமே மருத்துவமனைக்குச் சென்று தெரிவித்தார். அதற்குள் இரத்தம் ஏறிவிட்டிருந்தது. செய்தி நாடெங்கும் பரவிய அந்த நாட்களில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். டிசம்பர் 30 அன்று மதுரையில் மருத்துவமனையில் இறந்தார். இருபது வயதைக்கூட அவர் எட்டியிருக்கவில்லை. நம்மோடு இந்த வராந்தாவில் நின்றிருக்க வேண்டிய வயது.

நண்பர்களே, இந்நிகழ்ச்சியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. 2018-ல் சோதனை தவறியது ஒன்று. 2016-ல் சோதனையின் முடிவு உரியவரைச் சென்று சேராதது மற்றொன்று. நாடு முழுவதும் பேசியது முதலாவதைப் பற்றித்தான். ஆய்வகப் பணியாளர்கள்மீது நடவடிக்கை பாய்ந்தது. 2019-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அவருடைய குழந்தை 2019 ஜனவரியில் பிறந்தது. மருந்தின் துணையால் குழந்தைக்குத் தொற்று வரவில்லை என்பது ஆறுதல். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் 2016-ஆம் ஆண்டின் மௌனத்துக்கு எந்த மன்றத்தில் விசாரணை நடந்தது?

அறிவியல் மாணவி என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எச்.ஐ.வி. சோதனையில் பெரும்பாலும் தேடுவது கிருமியையன்று. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறோம். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் அந்தப் பொருள் போதிய அளவில் உண்டாகியிருக்காது. அந்த இடைவெளிக் காலத்தில் நல்ல கருவியும் ஏமாந்து போகலாம். இரத்த வங்கிகளில் தவறு நேரும்போதெல்லாம் இந்த இடைவெளிக் காலத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். சாத்தூர் நிகழ்ச்சியில் அந்தச் சமாதானம் செல்லாது. தொற்று ஏற்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 2016-ல் கருவி தன் கடமையைச் செம்மையாகச் செய்தது. கருவி சொன்னதை மனிதர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்றே அந்த இளைஞரைத் தனியே அழைத்து அமர வைத்து, ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, விஷயத்தைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகளை அரசு 2004 முதல் இலவசமாகக் கொடுத்து வருகிறது. தொடக்கத்தில் நாட்டில் எட்டு அரசு மருத்துவமனைகளில் மட்டும் கொடுத்தார்கள். நம் தாம்பரம் அவற்றில் ஒன்று. 2017-ல் தொற்றுள்ள எல்லோருக்கும், நோய் முற்றும்வரை காத்திராமல், மருந்து கொடுப்பது என்று முடிவாயிற்று. ஆகவே அவர் மருந்து சாப்பிட்டுக்கொண்டு, வேலை பார்த்துக்கொண்டு, நம்மைப் போலவே நடமாடியிருப்பார். உறவுக்காரப் பெண்ணுக்கு இரத்தம் தேவைப்பட்டபோது ‘என்னால் இயலாது’ என்று ஒதுங்கி நின்றிருப்பார். சாத்தூர்ப் பெண்ணும் பிழைத்திருப்பார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லப்படாததால் இரண்டு குடும்பங்கள் சிதைந்தன. அந்த நீண்ட கதையில் உரிய நேரத்தில் உண்மையைச் சொன்னவர், நோயாளி ஒருவர்தான்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்ட காலத்திலும் இந்தச் சொல்லாமை இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. அது நடந்தது நம் தமிழகத்தில், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் தூண்டுதலால், பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். கையுறைகூட இல்லை. மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். பின்பு அவற்றை இரயிலில் வேலூருக்கு எடுத்துச் சென்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமியின் தடயம் தெரிந்தது. இந்தியாவில் அப்படியொரு நோய் வரவே வராது என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அந்த இளம் மருத்துவர் செய்தது மகத்தான பணி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எதற்காகத் தங்கள் இரத்தம் எடுக்கப்படுகிறது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், சொன்னாலும் புரிந்திருக்காது என்று டாக்டர் நிர்மலாவே பிற்காலத்தில் ஒளிக்காமல் கூறியிருக்கிறார். அவ்வளவு நேர்மையானவருக்கும் அன்று அது இயல்பாகவே பட்டிருக்கிறது. அப்படியானால் அந்த எண்ணம் நம் மருத்துவமனைச் சுவர்களில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்க வேண்டும்!

‘சொன்னால் புரியாது.’ இந்த மூன்றாண்டுகளில் நான் அடிக்கடி கேட்ட வாசகம் இது.

என் தாயார் அண்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர். தந்தையார் ரப்பர் பால் வெட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குத் தலைசுற்றலும் மூச்சிரைப்பும் வந்து ஒரு மருத்துவமனையில் மூன்று நாள் சேர்த்திருந்தோம். அது எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. முதல் நாள் இரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். என்ன நோய் என்று அம்மா கேட்டார். “ரத்தம் கம்மி, மாத்திரை சாப்பிடுங்க” என்று பதில் வந்தது. எவ்வளவு கம்மி, ஏன் கம்மியாயிற்று, மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். “எல்லாம் சீட்டில் எழுதியிருக்கு. அவங்களுக்குச் சொன்னாப் புரியாதும்மா” என்றார் அந்த அலுவலர்.

அம்மா முந்திரிப் பருப்பைத் தரம் பிரிக்கிறவர். ஒரு பவுண்டுக்கு 240 நிற்கும் பருப்பையும் 320 நிற்கும் பருப்பையும் கையில் எடுத்த மாத்திரத்தில் வேறு வேறு தட்டில் போடுவார். எடை பார்ப்பதில்லை, எண்ணுவதில்லை. அப்படிப்பட்டவருக்கு, பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருக்கிறது என்று சொன்னால் புரியாதாம்! அன்று இரவு வீட்டில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நான் சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். “அப்போ பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கு. இதை அங்கேயே சொல்லியிருந்தா என்ன?” என்று கேட்டார்.

அந்த நாள் முதல் எங்கள் தெருவில் எனக்கு ஒரு புது வேலை. அடுத்த வீட்டு மைனி ஸ்கேன் சீட்டுடன் வருவார். முக்குவீட்டுப் பாட்டா சர்க்கரைக்கான மாத்திரை அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, “மக்களே, இது சாப்பாட்டுக்கு முன்னயா பொறவா?” என்று கேட்பார். ஆங்கிலம் கொஞ்சம் படிக்கத் தெரிந்த ஒரு பி.எஸ்ஸி. மாணவியிடம் அவர்கள் தங்கள் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இருந்தாலும் இது என் வேலையா? அவர்கள் பேருந்துக்குக் காசு கொடுத்து, வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தானே வருகிறார்கள்!

மருத்துவத்தில் நம் மாவட்டம் பின்தங்கியதும் அன்று. நெய்யூரில் 1838-லேயே ஆங்கில மருத்துவம் தொடங்கியாயிற்று. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அங்கே காத்துக் கிடந்த நோயாளிகளைக் கண்டு, நெய்யூரிலேயே பல்லாண்டு தங்கிவிட்ட வரலாற்றை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதற்கும் மேலே என்றால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு வண்டி ஏறுகிறோம். அங்கே மலையாளம், இங்கே தமிழ், சீட்டில் மட்டும் இரண்டு இடத்திலும் ஆங்கிலம்! கட்டடத்துக்கும் கருவிக்கும் நமக்குப் பெரிய குறையில்லை. நோயாளியின் மொழியில் இரண்டு நிமிடம் பேசுவதற்குத்தான் ஆளில்லை.

ஆளில்லை என்பது வெறும் சாக்கு அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவர் ஒரு காலைப் பொழுதில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பதை வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். இரவுப் பணியில் ஒரு செவிலியர் எத்தனை கட்டில்களுக்கு ஓடுகிறார் என்பதை அந்த மூன்று இரவும் கண்ணால் கண்டேன். அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் முதலில் தண்டனை பெறுகிறவர்கள் ஆய்வகத்தின் கடைநிலைப் பணியாளர்களே. எனவே மருத்துவர்களைத் திட்டிக் கட்டுரையை முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் ‘சொல்லுதல்’ என்பதை எந்தப் பணியாளருக்கும் உரிய வேலையாக வகுத்துக் கொடுக்காத நிர்வாகத்தைக் கேட்காமல் விட முடியாது. ஊசி போட ஆள் உண்டு, கட்டுப் போட ஆள் உண்டு, சீட்டில் முத்திரை குத்தவும் ஆள் உண்டு. சொல்வதற்கு?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். எச்.ஐ.வி. பற்றிய சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. சாத்தூர் நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு! ஒருவருடைய ஒப்புதலின்றிச் சோதிக்கக்கூடாது, சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும், முடிவை இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். தானமாகப் பெறும் இரத்தத்தைச் சோதிக்கத் தனி ஒப்புதல் தேவையில்லை. ஆனால் கொடையாளர் தம் முடிவை அறிய வேண்டுமென்று முன்னதாகவே கேட்டால், அவரை ஆலோசனை மையத்துக்கு அனுப்பி, ஆலோசனைக்குப் பிறகு சொல்ல வேண்டும். ‘கேட்டால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்க வேண்டும் என்று தெரியாதவன் என்ன செய்வான்?

இங்கேதான் இந்த விஷயம் நம் கல்லூரி வளாகத்துக்குள் வருகிறது. முன்பெல்லாம் இரத்தத்தை விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி, 1998 ஜனவரி முதல் இரத்த விற்பனை நாட்டில் நின்றது. அதன் பின் மருத்துவமனைகள் நம்பியிருப்பது உறவினர்களையும், நம்மைப் போன்ற மாணவர்களையுந்தான். நாட்டு நலப்பணித் திட்டமும் செஞ்சுருள் சங்கமும் நடத்தும் முகாம்களில் நம் தோழர்கள் கையை நீட்டிக் கொடுக்கிறார்கள். பெருமைதான்.

சென்ற முகாமில் நானும் வரிசையில் நின்றேன். கொடையாளர் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் இரத்தச் சோதனையில் குறை ஏதும் தெரிந்தால் உங்களுக்கு அறிவிக்க வேண்டுமா, ஆம் அல்லது இல்லை என்று குறிக்க வேண்டும். அது ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற பையன் அது என்ன என்று கேட்டான். “எல்லாத்துக்கும் டிக் போட்டுட்டு வாப்பா, நேரமாகுது” என்றார்கள். பாவம், அவன் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டு கட்டத்திலும் டிக் போட்டான்.

என் முறை வந்தது. விரலில் குத்திப் பார்த்தார்கள். இரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். “உனக்கு இல்ல, போம்மா” என்றார்கள். எனக்குப் பின்னால் நின்ற மாணவியரில் பலருக்கும் அதே பதில். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அந்த 57 பேரில் யார் யார் என்று கண்டுபிடிப்பதற்கு அன்று நம் கலையரங்கில் எவ்வளவு நல்ல வாய்ப்பு! எண்ணைக் கேட்டேன், யாரும் சொல்லவில்லை. தேவைப்பட்டது எங்கள் இரத்தம். அது உதவாது என்று தெரிந்தவுடன் எங்களோடு அவர்களுக்குப் பேச்சில்லை. சாத்தூர்ப் பெண்ணும் இதே இரத்தசோகைக்காகத்தான் மருத்துவமனைக்குப் போனார் என்பதை நினைத்துக்கொண்டேன்.

முகாமில் இரத்தம் கொடுத்த தோழர்கள் சிலரிடம், உங்களுக்கு முடிவு ஏதேனும் வந்ததா என்று பின்னர் விசாரித்தேன். ஒருவருக்கும் வந்திருக்கவில்லை. குறையொன்றும் இல்லாததால் வராமல் இருந்திருக்கலாம். எழுதிய கைப்பேசி எண் தவறாக இருந்ததால் வராமல் இருந்திருக்கலாம். ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்ததாலும் இருக்கலாம். மூன்று மௌனமும் ஒரே மாதிரிதான் இருக்கும். 2016-ல் இரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன அந்த இளைஞரும், செய்தி வராததை நல்ல செய்தி என்றுதானே எடுத்துக்கொண்டிருப்பார்?

ஆகவே முகாம்களை நடத்தும் நம் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். முகாமே வேண்டாம் என்று சொல்லவில்லை; இரத்தமின்றி இறப்பவர்களை நான் மறந்துவிடவில்லை. அடுத்த முகாமுக்கு முதல் நாளே படிவத்தைத் தமிழாக்கி ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அறிவிக்க வேண்டுமா என்னும் கேள்வியை ஒருவர் எழுந்து நின்று உரக்கப் படித்துப் பொருள் சொல்லட்டும். கைப்பேசி எண்ணை எழுதியவுடன் அங்கேயே ஒரு தடவை அழைத்துச் சரிபார்க்கட்டும். குறையொன்றும் இல்லையென்றாலும், இல்லை என்று ஒரு வரி எல்லோருக்கும் வரட்டும். அப்போது குறையுள்ள ஒருவனுக்கு வரும் அழைப்பை மற்றவர்கள் வேறுவிதமாகப் பார்க்க மாட்டார்கள். நம்பிக்கை மையத்திலிருந்து ஆலோசகர் ஒருவர் முகாமுக்கு வந்து தனியறையில் அமரட்டும். இரத்தம் உதவாது என்று திருப்பி அனுப்பும் ஒவ்வொரு மாணவியின் கையிலும் அவளுடைய எண்ணை எழுதிய ஒரு துண்டுச் சீட்டும், எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்ற விவரமும் இருக்கட்டும். தமிழாக்கும் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் விலங்கியல் துறை இரண்டாமாண்டு மாணவியர் நாங்கள் நால்வர் இருக்கிறோம். படிவத்தின் முதல் பக்கத்தை முடித்துவிட்டோம். ‘டெஃபரல்’ என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் கிடைக்காமல் தமிழ்த்துறையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.